ஆணிக்காலி நடந்த தடம்

ஓடிப்போகிறவள் ஆணிச்செருப்பைப் போட்டுக்கொண்டா ஓடுவாள்? சொல்கிறவளுக்குத்தான் புத்தி இல்லை, கேட்கிறவர்களுக்காவது வேண்டாமா? மாவு மில்லுக்காரி வாயைத் திறந்தால் இந்தத் தெருவே தலையை ஆட்டுகிறது. என் மருமகள் வெல்டிங்காரரோடு ஓடிப்போய்விட்டாளாம். அடி பாவி, அந்த வெல்டிங்காரர் இன்று காலையில்கூடப் பட்டறையைத் திறந்து உன் மில் ஜன்னலுக்குத்தானே கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தார்? கூட ஓடினவர் இங்கேயே இருக்க, அவள் மட்டும் ஓடினாள் என்றால் அது என்ன ஓட்டம்?

"நெருப்பில்லாம புகையுமாக்கா?" என்கிறாள்.

"பட்டறையில நெருப்பு இருக்கத்தாண்டி செய்யும். இல்லாட்டி உன் ஜன்னலை எச்சில் தொட்டா ஒட்டுவாரு?"

"நீங்க என்ன சொன்னாலும் சரி. அவ சறுக்கிட்டா."

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சறுக்கக் கூடாது என்று காலுக்கு ஆணி அடித்துக்கொண்டவளைப் பார்த்து, சறுக்கிவிட்டாள் என்கிறாள் இவள். என் மகன் மாதத்துக்கு இரண்டு தடவை துணிமணி எடுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போகிறான் என்று இவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசுகிறாள். ஆறு மாதம் என்று போனவள் அங்கேயே வேலையில் நிலைத்துவிட்டாள், இவள் ஏழு வருடமாகப் பேசுகிறாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் எனக்குப் பிறகு இந்தப் பேச்சு மட்டும் மிஞ்சக் கூடாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது, நடந்தது தெரியும். நடுவில் ஒரு தப்பு வரும். அது என்னுடையது. அதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு புடவையும் ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்தாள். அதிகம் பேச மாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார மாட்டாள். ஊசியில் நூலைக் கோக்கச் சொன்னால் ஒரே தடவையில் கோத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து போய்விடுவாள். சின்ன வயதில் செங்கல் சுமந்தவள். ஏணிப்பலகையில் தலைச்சுமையோடு ஏறிப் பழகினவள் எப்படி நடப்பாளோ, வீட்டுக்குள்ளும் அப்படித்தான் நடப்பாள். அடியை வைத்த பிறகுதான் உடம்பை அதன்மேல் வைப்பாள். "இவ என்ன, தரையை நம்பாம நடக்குறா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

என் மகன் சரக்கு லாரி ஓட்டுகிறான். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இவள் சும்மா இருக்கப் பிடிக்காமல் அணையில் வேலைக்குச் சேர்ந்தாள். குடிதண்ணீர் அணை. எங்கள் தெருவிலிருந்து அரை மணி நடை. அதன் உள்பக்கக் கரை முழுக்கச் சிமெண்ட் சரிவு. கோடையில் தண்ணீர் இறங்க இறங்கப் பச்சைப் பாசி வெளியே வரும். பதினோரு பெண்கள் வரிசையாக நின்று அந்தப் பாசியைச் சுரண்ட வேண்டும், கல் இடுக்கில் முளைக்கிற செடியைப் பிடுங்க வேண்டும், மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். அந்தப் பாசியை நீங்கள் பார்த்ததில்லை. வெண்ணெய்மேல் விளக்கெண்ணெய் ஊற்றின மாதிரி இருக்கும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது அங்கே பழமொழி இல்லை, வேலை. காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். சாக்கு நனைகிற வரைக்கும் பிடிக்கும். நனைந்தபின் அதுவும் பாசிதான்.

இவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிறவள் ஒருத்தி. உயரமாக இருப்பாள். எல்லோரும் நெட்டச்சி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பதினோரு பேரில் வாய்விட்டுச் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று மருமகள் சொல்லுவாள். ஒரு நாள் நெட்டச்சிக்குக் கால் போனது. இவள் எட்டிக் கையைப் பிடித்திருக்கிறாள். பிடித்த கை நின்றது, இவளுடைய கால் நிற்கவில்லை. தானும் போய்விடுவோம் என்று தெரிந்த நொடியில் கையை விட்டுவிட்டாள். நெட்டச்சி பதினைந்து அடி சறுக்கி, கீழே கல்வரிசையில் இடுப்பு மோதி விழுந்தாள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் சொன்னபடி கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து இவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ என்னடி பண்ணுவே, யானைக்கும் அடி சறுக்கும்" என்றேன்.

"யானைக்கு யாரும் ஒண்ணும் செஞ்சு குடுக்கலை அத்தை. அதான் சறுக்குது" என்றாள்.

அவளுக்கு எங்கே யோசனை பிறந்தது தெரியுமா? என் மகனுடைய லாரியில். சேற்று ரோட்டில் போகும்போது அவன் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றுவான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "ஏங்க, வண்டிக்குக் கட்டுறீங்களே, எனக்கு?" என்று கேட்டாள்.

"உனக்கு எத்தனை சக்கரம்?" என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளே பழைய நாய்ச்சங்கிலி ஒன்றைச் செருப்பில் சுற்றிக்கொண்டு போனாள். பத்து அடியில் சங்கிலி உருண்டு பக்கவாட்டில் போய்விட்டது. அப்புறம் டயர்ச் செருப்பில் கீழிருந்து மேலாக ஆணி அடித்தாள், நுனி வளைந்து கொண்டைதான் தரையில் பட்டது, பிடிக்கவில்லை. மேலிருந்து கீழாக அடித்தாள். நன்றாகப் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஆணியின் கொண்டை உள்ளங்காலில் ஏறியது. சாயங்காலம் வாசல் குழாயடியில் காலைக் கழுவினாள், தண்ணீர் சிவப்பாக ஓடியது. "நீ வேலை செய்யப் போறியா, வேண்டுதல் செய்யப் போறியா?" என்று கத்தினேன்.

அதன்பிறகுதான் வெல்டிங்காரரிடம் போனாள். எங்கள் தெரு இறக்கத்தில், களிமண் சந்து ஒன்றைத் தாண்டினால் அவர் பட்டறை. மனைவி இறந்து தனியாக இருக்கிறவர். பேசுவதே எண்ணித்தான் பேசுவார். அவர் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டைப் பாத அளவுக்கு வெட்டி, அதில் கூரான போல்ட்டுகளை இறக்கிப் பற்றவைத்து, தகட்டுக்கு மேலே டயர் ரப்பரை வைத்துக் கொடுத்தார். அப்போது கொண்டை காலில் படாது. முன்பாதத்துக்கு ஐந்து, குதிகாலுக்கு மூன்று. ஆக ஒரு காலுக்கு எட்டு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் என் மானம் இருக்கிறது.

ஆணிச்செருப்புக்கு ஒரு நடை உண்டு. நாம் நடக்கிற மாதிரி குதிகாலை முதலில் ஊன்றினால் மூன்று ஆணிதான் பிடிக்கும், உடம்பு போய்விடும். முழுப் பாதத்தையும் ஒரே தட்டாக, ரொட்டியைக் கல்லில் போடுகிற மாதிரி வைக்க வேண்டும். எட்டும் பாசியைக் குத்திக்கொண்டு கீழே சிமெண்டைத் தொட வேண்டும். நுனி மழுங்கினால் சாக்கைவிட மோசம். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் வேலைக்குப் போகிற வழியில் பட்டறைக்குப் போய் நுனியைத் தீட்டிக்கொள்ளுவாள். போனது அதற்குத்தான். வேறொன்றுக்கும் இல்லை.

முதலில் கூட வேலை செய்கிறவர்களே சிரித்தார்கள். ஆணிக்காலி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அப்புறம் இவள் மேலே நின்று அவர்கள் கையைப் பிடித்து இறக்கிவிட ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து, "அணையை ஓட்டை போடுறியா? கழட்டு அதை" என்று குதித்தார். இவள் கழற்றிக் கையில் கொடுத்து, "நீங்க ஒரு தடவை போட்டு இறங்கிப் பாருங்க சார்" என்றாள். அவர் பூட்ஸ்தான் போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். உட்கார்ந்தபடி அவர் போன வேகத்தை அங்கிருந்த பெண்கள் எல்லோரும் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நல்லவேளை, பாதியிலேயே ஒரு செடிப்புதரில் சிக்கிக்கொண்டார். இவள் முன்பு ஆணி அடித்த பழைய டயர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள்.

அந்த மனிதரையும் குறை சொல்லக் கூடாது. வெட்கத்தை விழுங்கிவிட்டுப் பெரிய ஆபீசுக்கு எழுதினார். அங்கிருந்து பதில் வந்தது. தூரத்தில் இதைவிடச் செங்குத்தான சரிவுள்ள அணை ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஆட்கள் விழுகிறார்கள். பதினோரு ஜோடி செருப்போடு இவள் வந்து அங்குள்ள பெண்களுக்கு நடக்கக் காட்ட வேண்டும், ஆறு மாதம் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும்.

கடிதத்தைச் சூப்பர்வைசர் படித்துக் காட்டினாராம். வீட்டுக்கு வந்து என்னிடமும் மகனிடமும் அப்படியே ஒப்பித்தாள். அத்தனை நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. முகம் சிவந்திருந்தது. "நான் கை விட்டது நெட்டச்சியோட போகட்டும்" என்றாள் கடைசியில்.

மகன், "பார்க்கலாம்" என்றான். ஆண்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

எனக்கும் அவளை அனுப்ப மனமில்லை. பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன். பாதிப் பயம். மீதிப் பாதி, வீட்டில் என்னோடு யார் இருப்பார்கள் என்ற சுயநலம். அவள் பேச மாட்டாள்தான், ஆனால் பேசாமல் ஒருத்தி கூட இருப்பது எவ்வளவு பெரிய துணை என்று அவள் பெட்டியைத் தூசி தட்டுகிறபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

அணைக்கு லீவு நாள் ஒன்று வந்தது. மருமகள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். லீவு நாளெல்லாம் போய் நெட்டச்சிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சிக்கெடுத்துவிட்டு வருவாள். மகன் வெளியூரில். எனக்கு ஒரு யோசனை வந்தது. செருப்பு இருந்தால்தானே போவாள்? வெல்டிங்காரரிடம் போய், பதினோரு ஜோடி செய்ய முடியாது என்று சொல்லிவிடும்படி கேட்டால் என்ன?

முந்தின நாள் மழையில் களிமண் சந்து சோப்புக்கட்டியாக வழுவழுத்துக் கிடந்தது. எனக்கு இடது முழங்காலில் வலி, அந்தக் காலை முழுசாக ஊன்ற மாட்டேன். அப்படியே போனால் விழுந்துவிடுவேன். வாசலில் ஆணியில் இவளுடைய செருப்பு தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். அந்தச் சந்தில் பல வருடமாகச் சுவரைப் பிடித்தபடி நடந்தவள் நான். அன்றுதான் முதல் தடவையாகக் கையை வீசிக்கொண்டு நடந்தேன். தரை என் காலைப் பிடித்துக்கொண்டது, தாய் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி.

வெல்டிங்காரர் நான் சொன்னதைக் கேட்டார். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, சந்துல எப்படி வந்தீங்க?" என்றார்.

"நடந்துதான் தம்பி."

"விழாம வந்துட்டீங்க. அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?" என்று திரும்பி வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மூலையில் ஒன்பது ஜோடி தயாராக அடுக்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பை இருந்த இடத்தில் மாட்டினேன். சேற்றைக் கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த மாதிரிச் செருப்பைக் கழுவிப் பழகினவள் இல்லையே நான்.

சாயங்காலம் மகன் வந்தான். சந்து முனையில் மாவு மில்லுக்காரி அவனை நிறுத்தியிருக்கிறாள். "தம்பி, உன் பொண்டாட்டி இன்னிக்கு எங்க போனான்னு கேட்டியா? ஆஸ்பத்திரின்னு சொல்லுவா. மண்ணு வேற சொல்லுதே!" என்று கையைக் காட்டியிருக்கிறாள். களிமண்ணில் ஆணித் தடம் அச்சு அடித்த மாதிரி, எங்கள் வாசலிலிருந்து பட்டறை வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தது. மழை வந்து அழித்துவிடக் கூடாது என்று அவள் அதன்மேல் தகரத்தைப் போட்டு, தகரம் பறக்காமல் இருக்க மாவு மூட்டையை வைத்தாள். சொந்த மில் கூரை ஒழுகியபோது அந்தத் தகரத்தை அவள் தேடவில்லை.

மகன் உள்ளே வந்தபோது மருமகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எங்க போனே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"பட்டறைக்கு?"

"இன்னிக்குப் போகலையே."

அவன் செருப்பைக் காட்டினான். ஈரச் சேறு ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். வெளியே போய்த் தகரத்தைத் தூக்கித் தடத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து ஒவ்வொரு தடமாக விரலை வைத்து எண்ணினாள். வலது காலுக்கு எட்டுப் பொத்தல். இடது காலுக்கு ஐந்துதான். குதிகாலில் மூன்று இல்லை. இடது குதிகாலை ஊன்றாமல் இந்த வீட்டில் நடக்கிறவள் யார்? அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பேசு" என்றான் மகன்.

"என்ன பேச? அதான் மண்ணு பேசிடுச்சே."

"இந்தச் செருப்பு இனிமே இந்த வீட்டுல இருக்கக் கூடாது. ஊருக்குப் போறதும் கிடையாது, அணைக்குப் போறதும் கிடையாது."

இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இரண்டு நாளும் நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வரும், திரும்பிவிடும். மாமியார் ஒளிந்து போய் மருமகள் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தாள் என்று தெரு பேசுமே என்ற வெட்கம். அவள் பெயர் தெருவில் கிழிகிறது, நான் என் பெயரை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். தரையைவிட வழுக்குகிற இடம் நாக்குதான். அதற்கு ஆணி அடிக்கத்தான் ஆளில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் தகரப் பெட்டியில் புடவையை மடித்து வைப்பதைப் பார்த்தேன். செருப்பை எடுத்தேன், காலில் மாட்டினேன், நேராகச் சந்துக்குப் போனேன்.

"தகரத்தை எடுடி" என்றேன் மாவு மில்லுக்காரியிடம்.

"என்னக்கா இது கோலம்?"

"எடுன்னா எடு."

எடுத்தாள். பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே நான் நடந்தேன். எட்டு, ஐந்து. எட்டு, ஐந்து. தூறல் விழுந்து மண் மறுபடி இளகியிருந்தது, நன்றாகப் பதிந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து குனிந்து எண்ணினார்கள். மகனும் வந்து எண்ணினான்.

மாவு மில்லுக்காரிக்கு வாய் அடைக்கவில்லை. "அப்போ, வெல்டிங்காரர் வீட்டுக்குப் போனது நீங்களாக்கா?"

"நானேதாண்டி. இந்த வயசுல நான்தான் சறுக்கிட்டேன். போய் ஊரெல்லாம் சொல்லு" என்றேன். எதற்குப் போனேன் என்பதையும் சத்தமாகச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை.

உள்ளே வந்து அவன், "சரி, விஷயம் தெரிஞ்சு போச்சு. பெட்டியை உள்ள வை" என்றான்.

அவள் பெட்டியை மூடித் தாழ்ப்பாளைப் போட்டாள். "மண்ணைக் கேட்டீங்க. மண்ணு பதில் சொல்லிடுச்சு. என்னை எப்போ கேட்டீங்க?"

"அதான் இப்போ..."

"இப்போ நான் வேலைக்குப் போறேங்க. ஆறு மாசம். கேக்கணும்னு தோணினா அங்க வந்து கேளுங்க. பஸ் இருக்கு."

நான் இடையில் புகுந்தேன். "ஏண்டி, அன்னிக்கே உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, அம்மா மேல பழி போடுறான்னு சொல்லியிருப்பார். அது போகட்டும். நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன் அத்தை. ரெண்டு நாள் பார்த்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர் கொதித்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

எங்கள் கூடத்துத் தரை சிவப்புச் சிமெண்ட். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துணியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை அவள் மறந்துபோய் ஆணிச்செருப்போடு இரண்டு அடி உள்ளே வந்துவிட்டாள். அன்று நான் பேசின பேச்சுக்கு அளவில்லை. அதற்குப் பிறகு வெளியே கழற்றிக் குழாயில் கழுவி மாட்டாமல் அவள் வாசப்படி தாண்டியதே இல்லை. அன்றும் பெட்டியை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கூடத்தைக் கடக்கப் பார்த்தாள்.

"நில்லு. இங்கயே போட்டுக்கோ" என்றேன்.

"தரை போயிடும் அத்தை."

"தரை என்னோடது. போட்டுக்கோன்னா போட்டுக்கோ."

என்னைப் பார்த்தாள். சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரியும் அவளுக்கு. கீழே உட்கார்ந்து வலது கால் வாரைக் கட்டினாள். இடது கால் வாரை நான் கட்டினேன். முழங்கால் மடங்கவில்லை, இருந்தாலும் கட்டினேன். மகன் கதவு ஓரமாக ஒதுங்கி நின்றான். பெட்டியை மட்டும் வாங்கி வாசல் வரைக்கும் தூக்கிக் கொடுத்தான்.

ஒன்பது அடி. முழுப் பாதத்தையும் ஒரே தட்டாக வைத்து நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சிமெண்ட் கொத்துகிற சத்தம் கேட்டது. வாசப்படி தாண்டிக் களிமண்ணில் கால் வைத்தாள். சத்தம் நின்றுவிட்டது.